பிச்சாண்டி அண்ணாச்சி ஆள் குறைத்த கதை

திருநெல்வேலியில் பஸ் டிக்கெட் விற்கும் இணையதளம் ஒன்றில் தில்லைநாயகி என்றொரு குரு இருந்தாள். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவளுடைய சீடர் பிச்சாண்டி ஐம்பதை எட்டப்போகிறவர். அரிசி மண்டி வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கற்க வந்தவர். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் சங்கடம்.

மறுநாள் தீபாவளி டிக்கெட் விற்பனை. அந்த இணையதளத்தின் புரோகிராம் கண்டெய்னர் என்னும் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் ஓடியது. கூட்டம் ஏறினால் பெட்டிகள் தானாகக் கூட வேண்டும், இறங்கினால் தானாகக் குறைய வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யப் பிச்சாண்டி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். குரு தலையாட்டினால் நாளைக்கு அது களமிறங்கும். ஆட்டாவிட்டால் அத்தனை உழைப்பும் கிடப்புக்குப் போகும்.

பொய்க் கூட்டம் ஒன்றை ஏவிவிட்டுச் சோதித்தும் பார்த்துவிட்டார். பெட்டிகள் மளமளவென்று பெருகின. கூட்டத்தை நிறுத்தியதும் சொன்ன பேச்சைக் கேட்டு அணைந்தன. பெட்டிகளின் எண்ணிக்கை ஏறி இறங்கிய கோட்டைத் திரையில் காட்டினார்.

"இதுல என்ன குறை மேடம்?"

குரு கோட்டைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். அன்று அலுவலகத்தின் புது மாடிக்குப் பால் காய்ச்சு. மேலே பந்தல் போட்டு, தேங்காய்ப்பால் மணக்க மணக்கச் சொதி விருந்து தயாராகியிருந்தது.

"இன்னைக்குப் பந்திய நீங்க பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. பெட்டிய நடத்துத மாதிரியே பரிமாறுத ஆளையும் நடத்துங்க."

இதென்ன பிரமாதம் என்று பிச்சாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். பரிமாற வந்தவர்கள் எல்லோரும் அலுவலகத்துப் பிள்ளைகள். கூட்டம் திமுதிமுவென்று வந்தது. இவர் கையைத் தூக்கத் தூக்க ஆள் வந்து வாளியைத் தூக்கியது. ஒருவர் இலையும் காயவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசிப் பந்தியில் பாதி இலைதான் விழுந்தது. ஆட்கள் அதிகம், வேலை குறைவு. பிச்சாண்டி கொஞ்சமும் தாமதிக்கவில்லை. ரெண்டு பேர் போதும், மத்தவங்க அப்படியே கிளம்பலாம் என்று உத்தரவு போட்டார்.

கம்ப்யூட்டர்காரப் பிள்ளைகள் அல்லவா, அப்படியே என்றால் அப்படியேதான். அப்பளக்காரன் கூடையைப் படியில் வைத்துவிட்டுப் போனான். பாயசக்காரி எங்கே வைத்தாள் என்று கடைசிவரை தெரியவில்லை. சொதிக்காரன் ஒரு கரண்டி மொண்டு ஓர் இலைக்கு மேலே சாய்க்கப் போனவன், கரண்டியை நிமிர்த்தி, வாளியோடு நடையைக் கட்டிவிட்டான்.

மிஞ்சிய இருவரில் ஒருவன் கையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொருவன் கையில் உப்பு. எந்த இலை எதற்காகக் காத்திருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் பாட்டுக்குச் சுறுசுறுப்பாக உப்பும் தண்ணீரும் வைத்துக்கொண்டு போனார்கள்.

பிச்சாண்டி பூரித்துப்போய்க் குருவைத் தேடினார். வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். சோற்றில் குழி பறித்துத் தயாராக வைத்திருந்தாள். குழி காலியாக இருந்தது. பக்கத்தில் மட்டும் மூன்று இடத்தில் உப்பு.

அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒரு ஆள்கூடச் சும்மா நிற்கவில்லை, கூட்டம் குறைந்ததுமே ஆளையும் குறைத்தாயிற்று என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். ஏத்தம் சரி, இறக்கமும் சரி. நாளைக்கு விட்டுரலாம்லா?"

குரு இலையை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

"ஏத்தம் இறக்கம் எல்லாம் சரிதான் அண்ணாச்சி. நான் பணம் கட்டிட்டேன். எனக்கு டிக்கெட் போட்டுக்கிட்டு இருந்த பெட்டியத்தான் நீங்க அணைச்சுட்டிய."