பலகையில் தொண்ணூற்று மூன்று

ரிஃபார்மர் யூனிட்டில் ஆக்டேன் விழுந்தது. சூட்டை ஏற்றினார்கள். மேலும் விழுந்தது.

கச்சா எண்ணெயிலிருந்து பிரிகிற நாஃப்தாவை நல்ல பெட்ரோலாக மாற்றுகிற யூனிட் அது. எவ்வளவு நல்லது என்று சொல்வது ஆக்டேன் எண். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் லேப் சொல்லும் எண்ணைக் கட்டுப்பாட்டு அறைப் பலகையில் எழுதுவார்கள். பக்கத்தில் பொறுப்பாளர் பெயர். எண் குறைந்தவர் மற்றவர்களுக்கு வடை வாங்க வேண்டும். வடை பெரிய விஷயம் இல்லை. பலகை பெரிய விஷயம்.

மேலாளர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் எண் தொண்ணூற்றேழைத் தாண்டவில்லை என்றால் யூனிட்டை நிறுத்திவிடுவார்கள். பற்றவைத்த நாளிலிருந்து பழுதென்று ஒருமுறைகூட நின்றதில்லை அது. பற்றவைத்த அன்று பேனலில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். சடகோபன், தஸ்தகீர். ஒரே பேட்ச். இப்போது ஆளுக்கொரு ஷிஃப்ட். மாற்றி மாற்றி வடை வாங்கியே தலை நரைத்தவர்கள்.

சடகோபன் ரெஜினாவிடம் போனார். வினையூக்கிக்குப் பொறுப்பு ரெஜினா. சடகோபனைவிட மிகவும் இளையவர். முதலில் கேலிக்குத்தான் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார் சடகோபன். கேலி போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

"சூடு ஏத்தினா ஆக்டேன் ஏறணும். ஏன் டீச்சர் விழுது?"

ரெஜினா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். சடகோபன் பின்னாலேயே போனார்.

வினையூக்கி என்றால் ஏதோ மந்திரம் இல்லை. கடுகு மாதிரி மணிகள். உள்ளே பிளாட்டினம். நாஃப்தா பட்டுப் பட்டு மணியில் கரி படியும். பக்கத்துக் கோபுரத்தில் அந்தக் கரியை எரித்து, வெளுத்த மணியாகத் திருப்பி அனுப்புவார்கள். இந்தச் சுற்று நிற்கவே நிற்காது.

எரிந்து வந்த மணி ஒன்றைச் சடகோபன் உள்ளங்கையில் வைத்தார் ரெஜினா.

"எப்படி இருக்கு அண்ணே?"

"வெளுப்பா இருக்கு. சுத்தம்."

ரெஜினா அதைத் திரும்ப வாங்கி இரும்புப் படியில் வைத்து ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினார். இரண்டாக உடைந்தது. நடுவில் கன்னங்கரேலென்று ஒரு புள்ளி.

"முழுசா எரியலை" என்றார் சடகோபன்.

"ஏன்?"

"கரி ஜாஸ்தி. கோபுரம் தாங்கலை."

"கரி ஏன் ஜாஸ்தி?"

பதில் அவருக்குத் தெரியும். லேப்காரன் சாம்பிள் எடுக்க வருமுன் சூட்டை ஒரு டிகிரி தூக்கிவிடுவது அந்த அறையின் பழக்கம். பலகைக்காக. எல்லா ஷிஃப்டும் தூக்கும். தூக்கியதை ஒருவரும் இறக்கியதில்லை. இறக்குகிறவன் எண்தானே விழும்? சூடு ஏற ஏறக் கரியும் ஏறிக்கொண்டே போனது.

"இறக்கணும்" என்றார்.

"ம்."

"இறக்கினா இன்னும் விழுமே டீச்சர்."

"கோபுரம் எரிச்சு முடிக்கிற வரைக்கும் விழும். அப்புறம் ஏறும். நடுவுல யாரும் தொடக் கூடாது."

சடகோபன் உடைந்த மணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போய்ச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஷிஃப்ட் முடிவில் லேப் சொன்னது தொண்ணூற்று நாலு. எழுதினார். சின்னதாக எழுதினார்.

அடுத்த ஷிஃப்டுக்கு தஸ்தகீர் வந்தார். வந்ததும் பலகையைத்தான் பார்த்தார்.

"என்ன சடகோபா, டீச்சர் ஃபெயில் போட்டுட்டாங்களா?"

அறை சிரித்தது.

"பாய், ஒண்ணு கேக்கணும். நீ ஏத்தாத."

"ஏத்தலைன்னா?"

"இன்னும் விழும். உன் ஷிஃப்ட்லதான் அடிமட்டம்."

"அப்போ நீ தொண்ணூத்தி நாலு. நான் அதுக்கும் கீழே. நல்லா இருக்குய்யா உன் நியாயம்."

சடகோபன் மணியை எடுத்துக் காட்டினார். தஸ்தகீர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தக் கரும்புள்ளியைப் பார்த்தார்.

"உன் டூட்டி முடிஞ்சுதுல்ல? வீட்டுக்குப் போ."

அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்தில் ரெஜினா நின்றிருந்தார்.

"பாய் சரின்னே சொல்லலை டீச்சர். தொட மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"அவர் இடத்துல நீங்க இருந்தா? தொட்டிருப்பீங்களா?"

பஸ் வந்தது. சடகோபன் ஏறிக்கொண்டார்.

மறுநாள் பலகையில் தொண்ணூற்று மூன்று. அத்தனை நாளில் அவ்வளவு கீழே ஒரு எண் அதில் ஏறியதில்லை. பக்கத்தில் தஸ்தகீர் என்று முழுப் பெயர். கொட்டை எழுத்து. அடியில் இரண்டு கோடு வேறு. மேஜைமேல் வடைப் பொட்டலம். யாரும் கேட்கவில்லை. அவரே வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"மேலாளர் போன்ல ஒரே கத்தல் சார், சூட்டை ஏத்துய்யான்னு" என்றார் பேனல் ஆபரேட்டர். "கம்ப்ரசர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைன்னு பாய் வெச்சுட்டார்."

"கம்ப்ரசர் சத்தம் இந்த அறைக்குள்ள எங்கய்யா கேக்குது?"

"கேக்காது சார்."

மூன்றாவது ஷிஃப்ட்காரரும் பலகையைப் பார்த்தார். இரண்டு பெரியவர்களுக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடிக்காது என்று அவரும் கையைக் கட்டிக்கொண்டார்.

கோபுரத்துக்கு மூச்சு வந்தது. மணிகள் உள்ளும் புறமும் வெளுத்து வந்தன.

வெள்ளிக்கிழமை சடகோபன் ஷிஃப்ட். லேப் கூப்பிட்டது. தொண்ணூற்றெட்டு.

அறை விசிலடித்தது. சடகோபன் பலகையில் எழுதினார். இந்தத் தடவை பெரிதாக.

போன் அடித்தது. மேலாளர். எண்ணைப் பார்க்க வந்திருந்த ரெஜினா எடுத்தார். மேலாளர் போட்ட சத்தம் அறைக்கே கேட்டது.

"யாரும்மா சரி பண்ணினது? தலைமை அலுவலகத்துல பேர் கேக்கறாங்க!"

சடகோபன் மீசையை நீவிக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ரெஜினா போனை அவரிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க அண்ணே."

வாங்கினார். பலகையைப் பார்த்தார். அவருடைய தொண்ணூற்றெட்டு பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே, ஒருவரும் அழிக்காமல் விட்டுவைத்த தொண்ணூற்று மூன்று. அடியில் இரண்டு கோடு.

நிமிர்ந்து நின்றார். அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"எங்க பேட்ச்தான் சார். தஸ்தகீர்."