உளுவையின் முதுகில் இறாலின் மீசை

மீனும் இறாலும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரையோரக் கடலின் மணல் தரையில் ஓர் உளுவை மீன் இருந்தது. உடம்பு விரல் நீளம்தான். பேச்சுக்கு மட்டும் முடிவே கிடையாது. அதற்கு வளை தோண்டத் தெரியாது. யார் வீட்டில் ஒண்டினாலும், காது வலிக்கிறது என்று இரண்டே நாளில் துரத்திவிடுவார்கள்.

பக்கத்திலேயே ஓர் இறால் மணலில் வளை தோண்டி வாழ்ந்தது. சரிகிற மணலை நாள் முழுக்க அள்ளி வெளியே கொட்டாவிட்டால் வளை மூடிப்போகும். வெளியே வந்தாலோ, கண் மங்கல். கலவா மீன் எந்தப் பக்கம் வாயைப் பிளந்து நிற்கிறது என்று தெரியாது.

"அக்கா, ஒரு மூலை கொடு. வாசலில் காவல் நிற்கிறேன்" என்றது உளுவை.

"உன் வாயைப் பற்றிக் கேள்விப்பட்டேனே."

"கேள்விப்பட்டதெல்லாம் கொஞ்சம்தான் அக்கா."

இறாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இரு. ஒரு நாள் பார்ப்போம்."

மறுநாள் காலையில், வாசலில் போன நண்டைக் கூப்பிட்டு, "என்ன மாமா, நேராக நடந்தால் வீட்டில் அடிப்பார்களா?" என்று உளுவை சத்தமாகக் கேட்டது.

இறால் உள்ளேயிருந்து அதட்டியது. "நீ கத்துகிற கத்தலில் கலவாவுக்கு என் வாசல் தெரிந்துவிடும்டா. சாயங்காலம் கிளம்பிவிடு."

உளுவைக்கு இனிப் போய் ஒண்ட வீடே இல்லை.

இறால் அடுத்த நடை மணலைத் தள்ளிக்கொண்டு, மீசையால் வழியைத் தடவியபடி வெளியே வந்தது. மீசை நுனி உளுவையின் முதுகில் பட்டது. அந்த நேரம் பார்த்து, பாறை நகர்வதுபோலக் கலவா வந்தது.

கத்தினால் சத்தம் வந்த இடத்துக்கே பாயும். சும்மா இருந்தால் அக்கா போய்விடுவாள். உளுவை பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, வாலை மட்டும் வெடவெடவென்று ஆட்டியது.

மீசை வழியாக இறாலுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. இறால் சட்டென்று உள்ளே புகுந்தது. பின்னாலேயே உளுவை தலைகுப்புற விழுந்தது. கலவாவுக்குக் கிடைத்தது ஒரு வாய் மணல்.

"அக்கா, அது மூஞ்சியைப் பார்த்தாயா?"

"எனக்கு எங்கேடா தெரிகிறது? நீ சொல்லேன், கேட்கிறேன்."

கலவா மணலைத் துப்பிய கதையை உளுவை சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கிளம்பச் சொன்னதை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

அந்தச் சாயங்காலத்திலிருந்துதான், உளுவை வாசலில் வாயைத் திறக்காமல் நிற்கிறது. இறால் மீசையை அதன்மேல் வைத்தபடி மணல் அள்ளுகிறது. கடல் வற்றும் நேரத்தில் மணலுக்கடியில் 'டக், டக்' என்று கேட்கிறதே, அது வேறொன்றுமில்லை. உள்ளே உளுவையின் பேச்சு நீண்டுவிட்டது. போதும்டா என்று அக்கா கொடுக்கைச் சொடுக்குகிறாள்.