ஜாதகத்தோடு வந்த கூட்டம்

வெள்ளந்திபுரத்துக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைய வேண்டுமென்றால் முதலில் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

அந்த ஊர்க் கடைத்தெருவில், மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் அனவரதம் கல்யாணத் தகவல் நிலையம் நடத்திவந்தார். கூடமாட ஒத்தாசைக்குத் தம்பி முறையாகிற குற்றாலிங்கமும் சுடலைமுத்துவும். மூவரில் அனவரதம்தான் புத்திசாலி. மற்ற இருவரும் அப்படித்தான் சொன்னார்கள். அவரும் அதை மறுத்து யார் மனதையும் புண்படுத்தவில்லை.

ஒருநாள் ரைஸ் மில் செண்பகராமன் வந்தார். மகளுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறதாம். மாப்பிள்ளையின் தாயாருக்குக் கம்ப்யூட்டரில் பொருத்தம் பார்த்தால்தான் திருப்தியாம். நாளைக் காலையில் அந்த அம்மாளை அழைத்து வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

அனவரதத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்தக் கல்யாணம் கூடிவிட்டால் ஊர்க் கல்யாணம் எல்லாம் தன் கையில். பொருத்தம் பார்க்கும் மென்பொருள் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறதாமே! மூவரும் கம்ப்யூட்டர் முன் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தார்கள்.

பக்கம் திறந்தது. ஓரத்தில் 'பதிவிறக்கு' என்று சின்னதாக ஒரு பொத்தான். நடுவில் தாம்பாளம் அளவுக்குப் பச்சையாக இன்னொரு 'பதிவிறக்கு'. அதன் தலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்'.

"எதை அமுக்க, அண்ணாச்சி?" என்றான் குற்றாலிங்கம்.

"பெரியவங்க இருக்கும்போது சின்னவங்ககிட்ட போவாங்களாலே? பெருசையே அமுக்கு."

அமுக்கினான். வானிலைப் பட்டை, தேடல் பட்டை, கம்ப்யூட்டர் துப்புரவாளன் என்று வரிசையாகச் சில பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது.

"இதெல்லாம் நாம கேக்கலையே?" என்றான் சுடலைமுத்து.

"டிக் போட்டிருக்குல்லா? வாத்தியார் டிக் போட்டா சரின்னுதானே அர்த்தம்? போட்டவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிட்டோ?"

பள்ளிக்கூடத்தில் ஒரு டிக்கும் வாங்கியிராத சுடலைமுத்து கண்கலங்கி அத்தனையையும் ஏற்றுக்கொண்டான்.

கடைசியாக ஒரு கேள்வி. எக்ஸ்பிரஸ் முறையா, கஸ்டம் முறையா?

குற்றாலிங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தான். "எக்ஸ்பிரஸ் வேணுமா, கஷ்டம் வேணுமான்னு கேக்குது, அண்ணாச்சி."

அனவரதம் திரையைப் பார்த்துச் சிரித்தார். "கேக்கான் பாரு கேள்வி! கல்யாணக் காரியத்துல எவனாவது கஷ்டத்தைக் கேட்டு வாங்குவானா? எக்ஸ்பிரஸைப் போடு. நடுவுல எங்கயும் நிக்காது."

நிற்கவில்லைதான். ஜாதகப் பெட்டி ஒன்று வந்தது. அதன் பின்னால் இரண்டு பட்டைகள், ஒரு துப்புரவாளன், தொப்பை குறைக்கச் சொல்லும் ஒரு விளம்பரம், ரம்மி ஆடக் கூப்பிடும் ஒரு பெண் என்று வந்துகொண்டே இருந்தார்கள். சுடலைமுத்து மிரண்டான்.

"பொண்ணெடுத்தா சொந்தபந்தம் கூட வரத்தானலே செய்யும்" என்று அனவரதம் அவனைத் தேற்றினார்.

மறுநாள் செண்பகராமனும் மாப்பிள்ளையின் தாயாரும் வந்து உட்கார்ந்தார்கள். அனவரதம் இரண்டு ஜாதகங்களையும் உள்ளே கொடுத்துவிட்டு, கும்பாபிஷேகத்துக்குக் கலசம் ஏற்றுகிற பக்தியோடு பொத்தானைத் தட்டினார். பெண்ணின் கட்டம் தெரிந்தது. அதன் மேலேயே துப்புரவாளன் சிவப்பு எழுத்தில் குதித்தான்.

'எச்சரிக்கை! ஏராளமான கோளாறுகள் கண்டுபிடிக்கப்பட்டன. உடனே அகற்றாவிட்டால் எல்லாம் அழியும்.'

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "ஒரு கோள் ரெண்டு கோள் சரியில்லேன்னா பரிகாரம் பண்ணலாம். ஏராளமான கோளாறா? எம் பிள்ளை அழியணுமா?"

"அம்மா, அது பொண்ணுக்கு இல்ல. பொட்டிக்கு" என்று செண்பகராமன் கெஞ்சினார். அனவரதமும் தன் பங்குக்கு, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றார்.

செண்பகராமன் அவரைப் பார்த்த பார்வையில் நெல் இருந்திருந்தால் பொரிந்திருக்கும். அந்த அம்மாளை வாசல்வரை போய்ச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வந்தார். "சாயங்காலம் திரும்பக் கூட்டியாரேன். அதுக்குள்ள அந்தக் கூட்டத்தை விரட்டும். இல்லேன்னா உம்ம போர்டைக் கழட்டி என் மில்லுல அடுப்பெரிப்பேன்."

அனவரதம் போர்டை ஒருதரம் பார்த்துக்கொண்டார். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரெஜினாவுக்குப் போன் போட்டார்.

"கூட வந்ததையெல்லாம் நீக்குங்க அண்ணாச்சி. ஒவ்வொண்ணா" என்ற ரெஜினா, எப்படி நீக்குவதென்றும் சொல்லிக் கொடுத்தாள்.

முதலில் வானிலைப் பட்டை. நீக்கு என்றதும் ஒரு நாய்க்குட்டி கண்ணீர் விடுகிற படம் வந்தது. 'எங்களைப் பிரியப் போகிறீர்களா? நிச்சயமாகவா?'

மூவரும் திரையை நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"நிச்சயமான்னு கேக்குதே. நிச்சயம் இன்னும் நடக்கலையே" என்றான் குற்றாலிங்கம்.

"நிச்சயம் பண்ணாம எப்படிப் பிரிக்க?" என்றான் சுடலைமுத்து.

அனவரதம் துண்டால் மூக்கைத் துடைத்தார். "வாயில்லாச் சீவன் அழுதுலே. நாமளே நாலு குடும்பத்தைச் சேத்து வைக்கிறவங்க. பிரிச்ச பாவம் நமக்கு வேண்டாம். இரின்னு சொல்லு."

'இருக்கட்டும்' என்பதைத் தட்டினார்கள். அது சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு உறவினர்களை அழைத்து வந்தது.

மதியத்துக்குமேல் ரெஜினாவே வந்தாள். மூவரையும் சுவர் ஓரமாக நிறுத்திவிட்டு, கூட்டத்தைத் துடைத்தெறிந்தாள். ஜாதகப் பெட்டியும் அதோடு போயிற்று.

"இனி நம்பகமான தளத்துலேருந்து மட்டும் இறக்குங்க. கூட ஒண்ணும் வராமப் பாத்துக்கோங்க. இதுகூடப் புரியலேன்னா மாடு மேய்க்கப் போங்க. வேண்டாம், மாடு பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அனவரதம் யோசித்தார். முகத்தில் நாழிகை நாழிகையாகச் சிந்தனை ஓடியது, எங்கும் தங்கவில்லை.

"நம்ம கட்டடத்துல எந்தத் தளம்லே நம்பகமானது?"

"கீழ்த்தளம் ஆகாது, அண்ணாச்சி" என்றான் குற்றாலிங்கம். "சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிப்போன இடம்."

"முதல் தளமும் வேண்டாம்" என்றான் சுடலைமுத்து. "வலிக்காதுன்னு சொல்லித்தான் அந்தப் பல் டாக்டர் எனக்குப் பல்லைப் பிடுங்கினாரு."

"இந்தத் தளத்துல நாமதான் இருக்கோம்" என்றார் அனவரதம். தயங்கினார். "நம்மளை நம்பலாமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளந்திபுரத்தின் சரித்திரத்திலேயே நேர்மையான கணம் அதுதான். வேண்டாம் என்று ஒரே மனதாக முடிவானது.

மிச்சமிருந்தது மொட்டைமாடி. அது இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை.

கம்ப்யூட்டரை மேலே தூக்கிப் போனார்கள். கிணற்றுக் கயிற்றால் மொத்தத்தையும் ஒரு சுருக்குப் போட்டுக் கட்டினார்கள். குற்றாலிங்கம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தான். செண்பகராமனின் வண்டி அந்த அம்மாளோடு தெருமுனையில் திரும்பியபோது, அனவரதம் கைப்பிடிச் சுவருக்கு மேலாக அதை இறக்கத் தொடங்கினார்.

இரண்டாம் தளத்தருகே திரை கழன்றது. பல் டாக்டரின் ஜன்னலருகே பெட்டி கழன்றது. தெரு அதிர்ந்தது. வண்டி பிரேக் போட்டது.

தூசி அடங்கியது. கயிற்றின் நுனியில் மவுஸ் மட்டும் ஆடிக்கொண்டே வந்து குற்றாலிங்கத்தின் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மொட்டைமாடியைப் பார்த்து ஆனந்தக் கூத்தாடிக் கத்தினான்.

"நல்லபடியா இறங்கிட்டு, அண்ணாச்சி! இந்தத் தடவை கூட ஒண்ணுமே வரல!"