மயிலியைப் பிடித்த மீன்

மலைமேல் ஓர் ஆறு இருந்தது. பெயர் பெற்ற ஆறு. அதனாலேயே அதற்கு நிம்மதி கிடையாது. விடுமுறை வந்தால் இரண்டு கரையிலும் ஆட்கள் தோளோடு தோள் உரச நிற்பார்கள். எல்லார் கையிலும் தூண்டில்.

அங்கே யாரும் புழுவைக் கோர்ப்பதில்லை. இரும்பு முள்ளின் மேல் இறகைச் சுற்றி ஈ மாதிரி ஒன்றைக் கட்டி, சாட்டையை வீசுவதுபோல் வீசித் தண்ணீரில் இறக்குவார்கள். நிஜ ஈ என்று நம்பி மீன் வந்து கவ்வ வேண்டும். அதுதான் அந்த ஆற்றின் நாகரிகம்.

அப்படிக் கட்டப்பட்ட ஓர் ஈதான் மயிலி. உடம்பெல்லாம் மயிற்பீலி. கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சேவல் இறகு. இடுப்பில் ஒரு சுற்று ஜரிகை. கடைக் கண்ணாடிக்குள் இருந்தபோது அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். "மீனுக்கு இது பிடிக்கும்."

மயிலி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பிடிக்கும். யாரோ ஒருவருக்கு என்னைப் பிடிக்கப்போகிறது. அதற்காகத்தான் நான். தன் வயிற்றுக்குக் கீழே வளைந்திருந்த முள்ளை அவள் பார்த்ததே இல்லை. பார்க்கிற மாதிரி அவளைக் கட்டவில்லை.

அவளை வாங்கியவர் ஜெயசீலன். ஆபீசில் யாரோ மீனோடு நிற்கும் போட்டோவைக் காட்டினார்கள் என்று திடீரெனத் தூண்டில்காரர் ஆனவர். முதல் வீச்சில் மயிலி அவருடைய தொப்பியிலேயே போய் மாட்டினாள். அடுத்ததில் பின்னாலிருந்த மரத்தில். அதற்கடுத்ததில் பக்கத்து ஆளின் சட்டைக் காலரில்.

"ஏங்க, மீன் தண்ணிக்குள்ள இருக்கு," என்றாள் அவர் மனைவி ரெஜினா, பாறைமேல் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்தபடி.

"பழகணும்ல ரெஜி. இது ஒரு கலை."

"கலையா? ஈ ஓட்டுற மாதிரி இருக்கு."

தூண்டில்கோலுக்கு மானம் போயிற்று. கல்யாணத் தரகர் மாதிரி அது மயிலியிடம் தணிந்த குரலில் சொன்னது. "பாரும்மா, அடிபட்டதுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. தண்ணில விழுந்ததும் பதவிசா மிதக்கணும். இறகை நல்லா விரிச்சு வெச்சுக்கோ. ரொம்ப ஆடாதே. ரொம்பப் பேசாதே."

"பேசினா என்ன ஆகும் அண்ணா?"

"பிடிக்காது."

ஒருவழியாக மயிலி தண்ணீரில் விழுந்தாள். மீன்கள் வந்து பார்த்தன. கூட்டம் வருகிற ஆறு, அதனால் எல்லாம் பத்து ஈ பார்த்த மீன்கள்.

"ஜரிகை கொஞ்சம் தூக்கல்," என்றது ஒன்று.

"போன வாரம் ஒண்ணு வந்துச்சு. இதைவிடக் கலர்," என்றது இன்னொன்று.

கொழுத்த மீன் ஒன்று அவளைச் சுற்றி வந்து, கீழிருந்து மேலாகப் பார்த்துவிட்டு, "வீட்டுல கலந்துகிட்டுச் சொல்லி அனுப்பறோம்," என்று வாலை ஆட்டிக்கொண்டு போனது. அப்புறம் வரவில்லை.

"யாருக்குமே பிடிக்கலைன்னா என்ன செய்வாங்க?" என்று கேட்டாள் மயிலி, கோலோடு அவளைச் சேர்த்துக் கட்டியிருந்த நரம்பிடம்.

"என்ன செய்வாங்க? துருப்பிடிச்ச டப்பா ஒண்ணு இருக்கு. அதுல போட்டு மூடிடுவாங்க," என்றது நரம்பு.

மயிலி இறகை இன்னும் கொஞ்சம் விரித்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தபோது பாறை நிழலிலிருந்து ஒரு மீன் வெளியே வந்தது. இளசு. முதுகெல்லாம் புள்ளி.

"காலையிலேர்ந்து உன்னைத்தான் பார்த்துட்டிருக்கேன்," என்றது.

"நானும் காலையிலேர்ந்துதான் மிதந்துட்டிருக்கேன். இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?"

மீனுக்குச் சிரிப்பு வந்தது. "பயம்தான். அழகா வர்றதையெல்லாம் நம்பாதேன்னு எங்க அம்மா சொல்லும்."

"இப்ப?"

"இப்ப என்ன... பிடிச்சிருக்கு."

மயிலியின் ஒவ்வோர் இறகும் சிலிர்த்தது. மீன் வாயைத் திறந்துகொண்டு அருகில் வந்தது. முத்தம் என்றுதான் அவள் நினைத்தாள்.

"பிடிச்சாச்சு!" என்று கரையில் ஜெயசீலன் கத்தினார். "ரெஜி, பிடிச்சாச்சு!"

ஆமாம், பிடிச்சாச்சு என்று மயிலியும் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாயெல்லாம் ரத்தம். அவளுடைய ரத்தம் இல்லை.

"விடு! என்னை விடு!" என்று மீன் துள்ளியது.

"நான் எங்க பிடிச்சேன்? நீதானே என்னைப் பிடிச்சிருக்குன்னு..."

"உன் வயித்துக்குக் கீழே பாரு!"

அப்போதுதான் பார்த்தாள். மீனின் தாடைச் சதைக்குள் ஓர் இரும்பு முள் இறங்கியிருந்தது. அது தன்னோடு ஒட்டியிருக்கிறது என்று முதலில் தோன்றியது. இல்லை. முள்தான் அவள். இறகெல்லாம் மேலே சுற்றியது.

"அண்ணா! விடச் சொல்லுங்க அண்ணா!"

"என்கிட்ட ஏன் கேக்கறே? நான் வளையறேன், அவ்வளவுதான்," என்றது கோல்.

"என்னையும் இழுக்கறாங்க. நானா இழுக்கறேன்?" என்றது நரம்பு.

அந்த ஆற்றில் ஒரு சட்டம் உண்டு. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஜெயசீலன் சட்டத்தை மதிக்கிறவர். முள்ளைக் கழற்றினார். ஆனால் போட்டோ எடுக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லையே. மீனை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னொண்ணு எடு ரெஜி. வெளிச்சம் சரியில்லை."

"அதுலயும் நீங்க கண்ணை மூடிட்டீங்க. மீன்தான் மூடலை."

"சரி, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"ஏங்க, அது வாயை வாயைத் திறக்குது. விட்டுத் தொலைங்க."

விட்டார். "பார்த்தியா, நீந்துது. அதுக்கு ஒண்ணும் ஆகலை."

"விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?" என்று ரெஜினா கேட்டாள். அவர் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன் கொஞ்ச தூரம் நீந்தியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு வெள்ளை வயிறு மேலே திரும்ப, ஆற்றோடு போனது.

"நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?" என்று மயிலி ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். "உனக்கு எல்லாம் தெரியும்ல?"

"தெரியும்தான். தெரிஞ்சு? நான் ஓடறவ. நின்னு அழுதா என்னைக் குட்டைன்னுவாங்க," என்றது ஆறு. நிற்கவில்லை.

ஜெயசீலன் மயிலியைக் கழுவி, இறகை ஊதி ஊதிக் காயவைத்து, மற்ற ஈக்கள் இருந்த பெட்டியில் நடுநாயகமாகக் குத்திவைத்தார். மற்றவை பொறாமையோடு பார்த்தன. "உன்னைத்தான் பிடிச்சுதாமே!" என்றது பக்கத்து ஈ.

மயிலி ஒன்றை மட்டும் முடிவு செய்தாள். இனி யாருக்கும் தன்னைப் பிடிக்கக் கூடாது.

அடுத்த விடுமுறையில் அவர் வீசிய ஒவ்வொரு முறையும் அவள் வேண்டுமென்றே பாறையில் போய் உரசினாள். முட்செடியில் மாட்டிப் பிய்த்துக்கொண்டாள். சேவல் இறகு பாதி கழன்றது. ஜரிகை அவிழ்ந்து தொங்கியது. மயிற்பீலி நைந்து நாராயிற்று. கண்ணாடியில் பார்த்தால் தனக்கே தன்னைப் பிடித்திருக்காது என்று அவளுக்கு ஒரு திருப்தி.

ஜெயசீலன் அவளைக் கையில் எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார். "போச்சு. வேற மாத்திட வேண்டியதுதான்."

மயிலிக்கு உயிர் வந்தது. துருப்பிடித்த டப்பா! அதைவிட நல்ல இடம் உலகத்தில் ஏது?

பக்கத்தில் நின்ற பழைய தூண்டில்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "சார், சார், தூக்கிப் போட்டுடாதீங்க. இப்பதான் இது ஈ மாதிரி இருக்கு. புதுசெல்லாம் பொம்மை சார். சாகப்போற பூச்சி இப்படித்தான் கிழிஞ்சு கிடக்கும். போட்டுப் பாருங்க."

போட்டார்.

இந்தத் தடவை மயிலியால் மிதக்க முடியவில்லை. நனைந்த இறகு அவளைக் கீழே இழுத்தது. பாதி முழுகியபடி, "வராதீங்க! கிட்ட வராதீங்க!" என்று அலறினாள். தண்ணீர் வாயை அடைத்தது. முழுகுகிறவளின் பேச்சு யாருக்கும் கேட்பதில்லை. உதறல் மட்டும்தான் தெரியும்.

பாறை நிழல்களிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின.

அவள் துடிக்கத் துடிக்க, அவை வந்தன.