ராஜக்கண்ணு எரித்த கிளட்ச்

"இந்தக் கிளட்சுக்கு மானம் ரோசம்னு ஒண்ணு இருந்தா இப்படி அடிக்கடி எரிஞ்சு போகுமாம்மா?"

மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கிவந்து ஸ்டெல்லாவின் மேசைமேல் பொத்தென்று வைத்தார் ராஜக்கண்ணு. பழைய மெஷின். கீழே பட்டிவீரன்பட்டியில் யாரோ கழித்துக்கட்டியதை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். கருகல் நாற்றம் பட்டறை முழுக்கப் பரவியது.

ஸ்டெல்லாவுக்கு அவருடைய வயதில் பாதிதான். ஆனால் தாண்டிக்குடி மலையில் மெஷின் நின்றுபோனால் எந்த மரவெட்டியும் அவளிடம்தான் வந்தாக வேண்டும். பேச்சு மட்டும் அவளிடம் கொஞ்சம் கம்மி.

ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே கழட்டுங்கண்ணே."

"நானா?"

"எரிக்கறது நீங்கதானே. கழட்டவும் கத்துக்குங்க."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் கயிற்றைத் திணித்து, இன்ஜின் சுற்றாதபடி நிறுத்திக் கொடுத்தாள். ராஜக்கண்ணு ஸ்பானரை மாட்டி இடது பக்கமாக ஒரு தம் கட்டினார். அசையவில்லை. காலைத் தூக்கி மேசையில் முட்டுக்கொடுத்து இன்னொரு தம் கட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"இந்தச் சனியன் வரமாட்டேங்குதே!"

"இதுக்கு மரை தலைகீழ்ண்ணே. இவ்வளவு நேரமா இறுக்கிட்டு இருக்கீங்க."

"அடிப்பாவி! அதை மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ராஜக்கண்ணுவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கொஞ்ச நேரத்தில் இறங்கியும் விடும். என்ன, அதற்குள் வீட்டில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

வலது பக்கம் திருப்பியதும், இன்ஜினுக்கும் செயினுக்கும் நடுவில் இருந்த கிளட்ச் மெல்லக் கழன்று வந்தது.

"பாக்கியக்கா நல்லா இருக்காங்களா?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டாள் ஸ்டெல்லா.

அவர் கை நின்றது.

"அதை ஏம்மா கேக்கற. காலையிலேருந்து சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கா. அடுப்பு பத்த வைக்கல. காப்பி போட்டுக் குடுத்தேன், தொடல."

"காய்ச்சலா?"

"காய்ச்சல் எல்லாம் இல்ல. 'இனிமே என்கிட்ட எதையும் சொல்லி விடாதீங்க'ன்னா. அவ்வளவுதான், அதுக்கப்புறம் வாயே திறக்கல. எனக்குப் பயமா இருக்கும்மா."

"எதைச் சொல்லி விட்டீங்க?"

ராஜக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகன் குணசீலன் மரம் வெட்டும் வேலையே வேண்டாமென்று பஸ் ஸ்டாண்டில் பழக்கடை போட்டதிலிருந்து அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. இருப்பதோ ஒரே வீட்டில்.

"நான் சொல்றதை இவ போய் அவன்கிட்ட சொல்வா. அவன் சொல்றதை எங்கிட்ட கொண்டாருவா. நான் திட்டறதுல பாதிய முழுங்கிருவா, அவன் திட்டறதுலயும் முழுங்கிருவா, எனக்குத் தெரியும். ஒரு சத்தம் இல்லாம வீடு நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. திடீர்னு இவளுக்கு என்ன வந்துச்சுன்னுதான் புரியல."

ஸ்டெல்லா செயினைச் சுற்றும் டிரம்மைத் துணியால் துடைத்தாள்.

"சரி, அதை விடு. எனக்கு ஒரு யோசனை. இந்தக் கிளட்சை டிரம்மோட சேத்து வெல்டு வச்சு விட்ரு. இனி வழுக்கவே கூடாது."

"வைக்கலாம்."

"அப்ப வை."

"மறுபடி மரம் செயினைக் கடிச்சுக்கிட்டா?"

"மரம் அறுபடும்."

"அறுபடாட்டி?"

ராஜக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"இன்ஜின் போயிரும்."

"இல்லாட்டி?"

"என் கை போகும்," என்றார், சத்தம் குறைந்து.

ஸ்டெல்லா கழன்ற கிளட்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். நீலம் பாரித்துக் கிடந்தது. ஓரமெல்லாம் தேய்ந்து, ஸ்பிரிங் தொய்ந்துபோயிருந்தது.

"நேத்து மரம் கடிச்சப்ப என்ன செஞ்சீங்க?"

"இன்னும் முறுக்கினேன்."

"மரம் விட்டுதா?"

"அது எங்க விடும்? அது பாட்டுக்குக் கெடந்துச்சு."

"உங்க இன்ஜின்?"

"இன்ஜினுக்கு என்ன, கிண்ணுன்னு இருக்கு."

"அப்ப நடுவுல எரிஞ்சது எதுண்ணே?"

ராஜக்கண்ணு கையிலிருந்ததைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"புகை வந்திருக்குமேண்ணே," என்றாள் ஸ்டெல்லா.

"வந்துச்சும்மா. பாத்தேன். வேலைதான் நடக்குதேன்னு விட்டுட்டேன்."

பக்கத்தில் கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டைவிரலால் அந்தக் கருகலைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"தட்டிக்கொட்டி இதைப் பழையபடி ஆக்க முடியாதா?"

"முடியாதுண்ணே." அலமாரியில் கை விட்டுத் தேடியபடியே அவள் சொன்னாள்: "ஆனா இதுக்குப் புதுசு கிடைக்கும்."

புதுக் கிளட்ச் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது ஸ்டூல் காலியாக இருந்தது. துண்டைக்கூட எடுக்காமல் போயிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் குணசீலன் மலைவாழைத் தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்துக்கொண்டிருந்தான். அப்பா வருவதைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தான். முகம் இறுகியது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டான், பாவம். இத்தனை மாதமும் அம்மா வழியாகத்தானே அவர் சத்தம் வந்துகொண்டிருந்தது.

ராஜக்கண்ணு கடைக்கு முன்னால் வந்து நின்றார். சேர்த்து வைத்த திட்டெல்லாம் தொண்டைவரை முட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினார். விழுங்குவது இவ்வளவு கஷ்டமா என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"உங்கம்மா காலையிலேருந்து சாப்பிடலடா," என்றார்.