படி திரும்பும் இடம்

வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றபின், கால்வாய்க்கரைக் குடியிருப்புக்கும் வீட்டு வாரியத்துக்கும் நடுவே பேசும் வேலைக்கு வந்தவர் சட்டநாதன். தலை நரைத்தவர்தான். ஆனாலும் இந்த வேலையில் அவருக்குக் குரு, மகள் வயதுள்ள பூங்கோதை.

அன்று மனம் நொந்துபோய் வந்தார்.

"எல்லா வீடும் இப்பவோ அப்பவோன்னு நிக்குது. இடிச்சிட்டுப் புதுசா கட்டித் தரேங்கறாங்க. மாதிரிக் கட்டடத்தையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். வேணாமாம். ஏன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கல. இந்த வாரம் சம்மதம் வரலன்னா திட்டம் வேற பேட்டைக்குப் போயிடும்மா. பிடிவாதக்காரங்கன்னு எழுதிக் குடுத்திடட்டுமா?"

பூங்கோதை அவரை மாதிரிக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு அழைத்துப் போனாள். அங்கே கிடந்த நீளமான சாரப் பலகையில் நெடுக்கப் படுத்துக்கொண்டாள். பூச்சுவேலை செய்துகொண்டிருந்த மூன்று கொத்தனார்கள் திகைத்துப் பார்த்தார்கள்.

"நாலு பேருமா தூக்குங்க. கீழ கொண்டு போங்க."

சட்டநாதனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. குருவின் சொல்லாயிற்றே, தட்ட முடியுமா? ஒரு மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டார்.

படி திரும்பும் இடத்தில் பலகை சுவரில் முட்டி நின்றது. எப்படிச் சாய்த்தும் திரும்பவில்லை.

"செங்குத்தா நிமித்திடலாமா?" என்றார் ஒரு கொத்தனார்.

"ஐயோ, விழுந்துடுவாங்கப்பா!" என்று பதறினார் சட்டநாதன்.

பூங்கோதை கண்ணைத் திறக்கவில்லை. "கயித்தால கட்டிட்டு நிமித்துங்க. அப்படித்தானே இறக்கியாகணும்?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன வருடம் மனைவியைப் பாடையில் எடுத்த நாள் கண்முன் வந்தது. தனி வீடு. கூடத்திலிருந்து வாசல்வரை ஆடாமல் அசங்காமல் தூக்கிப் போனார்கள்.

பலகையை அங்கேயே தரையில் வைத்தார்கள். பூங்கோதை எழுந்து உட்கார்ந்தாள்.

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல அவங்க?"

"புது வீடு பாக்க வந்த இடத்துல யாரு சார் சாவைப் பத்திப் பேசுவா? இடுப்புல கைக்குழந்தையோட நிக்கிறவ பேசுவாளா?"

சட்டநாதன் தயங்கினார்.

"படியை அகலமாக்கச் சொன்னா, வாரியத்துல ஏன்னு கேப்பாங்களேம்மா. மத்த கட்டடத்துக்கெல்லாம் பூமி பூஜைக்கு நாள் பாத்துக்கிட்டிருக்காங்க. எனக்கும் பொண்ணு கல்யாணம் வருது. அதை என் வாயால எப்படிச் சொல்றது?"

பூங்கோதை புடவையில் ஒட்டியிருந்த சிமென்ட்டைத் தட்டிவிட்டாள்.

"அவங்க வாயால சொல்ல முடியலன்னுதான் சார் நாம இருக்கோம்."