2147483647 உடைந்த காலை

1971 ஜூலை 4, காலை ஐந்தே முக்கால். நானூற்று நான்காவது வகுத்தல். வகுத்தவர் வேதநாயகம், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், வயது அறுபத்து மூன்று.

மீதி பூஜ்யம்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். செருப்புகூடப் போடவில்லை.

மலைமேல் இருந்த அந்தக் கணக்கு மடத்தில் ஒரு வழக்கம். சேர வருகிறவருக்கு மடத்தின் தலைவியான அம்மை ஓர் எண்ணைத் தருவார். அது வேறோர் எண்ணால் மீதியின்றி வகுபட்டு உடையுமா, உடையாத பகா எண்ணா என்று கண்டு சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மாணவர். தப்பாகச் சொன்னால் அன்றைக்கே மலையிறங்க வேண்டும்.

வேதநாயகத்துக்குக் கிடைத்தது 2147483647. அதன் வர்க்கமூலத்துக்குள் அடங்கும் பகா எண்கள் 4792-ஐக் கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். ஐந்து மாதமாக வகுத்தார்.

"அம்மா! உடைஞ்சிருச்சு!"

அம்மை அவரைவிட இருபது வயது சின்னவர். கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"எதால?"

"2777!"

அம்மை வாய் கொப்பளித்தார். "அதை அறுபத்திரண்டால வகுங்க. மீதி என்ன?"

"நாப்பத்தொம்பது. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உடையலை. உங்க கணக்கு தப்பு."

"நோட்டைக்கூடப் பாக்கலியே!"

"நீங்க பாருங்க."

பார்த்தார். மூன்றாவது படியில் 3-ஐ இறக்குவதற்குப் பதில் 4-ஐ இறக்கியிருந்தார். முப்பத்தாறு வருடத்தில் ஒரு வண்டிக்கும் தப்பான கொடி காட்டாத மனிதர்.

பெட்டியைக் கட்டினார்.

வாசலில் சமையல்காரர் பொன்னுரங்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "என்ன மாஸ்டர், வண்டி கெளம்பிடுச்சா?"

"கைகாட்டி எறங்கிடுச்சுய்யா, கெளம்ப வேண்டியதுதான்."

பாதி மலை இறங்கியவர் சட்டென்று நின்றார். பெட்டியைப் பாறைமேல் போட்டுவிட்டுத் திரும்ப ஏறினார். மூச்சு இரைத்தது.

"அம்மா, அந்த அறுபத்திரண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"இந்த எண்ணை மீதியில்லாம வகுக்குறது எதுவா இருந்தாலும், அதை அறுபத்திரண்டால வகுத்தா மீதி ஒண்ணுதான் வரும்."

"அப்ப அந்த நாலாயிரத்துச் சொச்சத்துல..."

"பெரும்பாலானதைத் தொடவே வேண்டாம். இன்னொரு சல்லடையும் இருக்கு. அதுலயும் சலிச்சா எண்பத்து நாலுதான் நிக்கும்."

"எண்பத்து நாலா!" தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் நானூறு போட்டுத் தொலைச்சேனே!"

அம்மையும் சிரித்துவிட்டார்.

வேதநாயகத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதெப்படி ஒண்ணு மட்டும்? மூணு ஏன் வரக்கூடாது? அஞ்சு வந்தா என்ன? சொல்லுங்கம்மா, ஏன்?"

ஐந்து மாதத்தில் அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

"மலையிறங்கச் சொல்றது தப்பான விடைக்கு" என்றார். "கேள்விக்கு இல்ல. உக்காருங்க."

1973 பிப்ரவரி 18 அன்று வேதநாயகம், மீதி ஏன் ஒன்று மட்டுமே வரும் என்பதற்கான காரணத்தை எழுதி முடித்தார். ஏழு வரி. அதில் ஒரு வகுத்தல்கூட இல்லை.